காற்றுக்கும் கடலுக்கும் இடையே அழியா நஞ்சுகளின் போக்குவரத்து

நெல் வயலில் தூவப்படும் பூச்சிகொல்லி மருந்து, பயிர் அறுவடையான பின் எங்கே போகிறது? அது மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்றோ, மழை நீரோடு வாய்க்கால் வழியே ஆற்றையும் கடலையும் அடைகிறது என்றோதான் பொதுவாக விடை கூறப்படும். சில மருந்துகளின் விஷயத்தில் இவ்விடை ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் இந்நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருமளவில் பயன்பட்டு வந்த ஒரு மருந்தைப் பற்றி, 1980களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் வெள்ளாற்றுப் பகுதியில் நடத்தப்பட்ட ஆராய்ச்சி முற்றிலும் வேறொரு விடையைத் தந்தது.

வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகில் வங்காள விரிகுடாவில் கலக்கின்றது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. அம்மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் ஜப்பான் நாட்டு எஹிமே பல்கலைக் கழக விஞ்ஞானிகளும் கூடி, அப்பகுதியின் நெல் வயல்களில் தூவப்பட்ட பி.எச்.சி. என்னும் மருந்தைக் காற்றிலும், ஆற்று நீரிலும், கழிமுகத்துச் சேற்றிலும் தேடி அளந்தார்கள். 1991இல் வெளியான கணக்கின்படி, வயலில் இடப்பட்ட பி.எச்.சி.யில் 99 சதவீதத்திற்கும் மேற்பட்ட பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது. ஆற்றின் வழியே கழிமுகத்தை அடைந்தது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அவ்வாறு அடைந்த சிறு பகுதியிலும் பெரும்பங்கு கடலைச் சேருமுன்னரே நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிப் போயிற்று. நெற்பயிர் நிற்கும் ஆகஸ்டு முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் பரங்கிப்பேட்டைக் காற்றில் இம்மருந்தின் அளவு கூடியும், வறண்ட மாதங்களில் குறைந்தும் காணப்பட்டது. உழவர் தூவியது பயிருக்கு, சென்றடைந்தது ஆகாயத்தை.

காற்றில் கலந்த பொருள் அங்கேயே நிலைத்திருப்பதில்லை. அது கடலில் இறங்குகிறது. சில நிலைமைகளில் கடலிலிருந்து மீண்டும் காற்றுக்கு ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் எந்த விதிகளுக்கு உட்பட்டது என்பதையும், மருந்தின் உபயோகம் நின்ற பிறகும் அது ஏன் நிற்பதில்லை என்பதையும் கீழே காணலாம்.

மருந்தின் வரலாறு

பி.எச்.சி.யை 1825இல் மைக்கேல் பாரடே முதன் முதலாகத் தயாரித்தார். அதே ஆண்டில் தாம் கண்டுபிடித்த பென்சீனில் சூரிய ஒளி படும்படி குளோரின் வாயுவைச் செலுத்தி அவர் இதனைப் பெற்றார். இது பூச்சிகளைக் கொல்லும் என்பது 1940களின் தொடக்கத்தில்தான் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அறியப்பட்டது. இந்தியாவில் 1952இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் இதன் உற்பத்தி தொடங்கியது. இந்நாட்டில் பூச்சிகொல்லி உற்பத்தியே இத்தொழிற்சாலையோடுதான் தொடங்கிற்று எனலாம். வயலில் தூவும் பத்து சதவீதத் தூளாகவும், வீடுகளில் எறும்புக்கும் மூட்டைப் பூச்சிக்கும் போடும் கமாக்ஸின் பொடியாகவும் இது மக்களுக்கு அறிமுகமாயிற்று.

இங்கே பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தை நீக்கிவிடுதல் நலம். பி.எச்.சி. என்பது பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்பதன் சுருக்கம். இரசாயன முறைப்படி இப்பெயர் சரியன்று. ஹெக்ஸாகுளோரோ சைக்ளோஹெக்ஸேன், அதாவது எச்.சி.எச். என்பதே சரியான பெயர். ஹெக்ஸாகுளோரோ பென்சீன் என்பது வேறொரு பொருள். அது விதை நேர்த்திக்குப் பயன்பட்ட பூஞ்சணக்கொல்லி. இரண்டும் நஞ்சுகளே, இரண்டும் எளிதில் அழியாதவையே. ஆயினும் ஒன்றின் அளவீட்டை மற்றொன்றினுடையதாகக் கொள்ளும் பிழை பழைய பதிவேடுகளில் நேரக்கூடும். இக்கட்டுரையில் இனி எச்.சி.எச். என்ற பெயரே வழங்கப்படும்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் எச்.சி.எச். ஒரே பொருளன்று. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பினும் அவை அமைந்திருக்கும் திசையால் வேறுபடும் பல உருக்கள் அதில் கலந்துள்ளன. ஆல்பா உரு 60 முதல் 70 சதவீதம், காமா உரு 10 முதல் 15 சதவீதம், பீட்டா உரு 5 முதல் 12 சதவீதம். எஞ்சியவை டெல்ட்டா முதலியன. பூச்சியைக் கொல்லும் ஆற்றல் பெரும்பாலும் காமா உருவுக்கே உரியது. அதனை 1912இல் பிரித்தெடுத்த வான் டெர் லிண்டன் என்ற டச்சு விஞ்ஞானியின் பெயரால் சுத்தமான காமா உரு லிண்டேன் எனப்பட்டது. ஆகவே நூறு கிலோ எச்.சி.எச். தூவிய உழவர், பூச்சிக்காகப் பதினைந்து கிலோவுக்கு மேற்படாத மருந்தையும், எப்பயனும் இன்றி எண்பத்தைந்து கிலோ அழியாத கலப்பையும் தூவியவராவார். 1948 முதல் 1997 வரை உலகெங்கும் உபயோகிக்கப்பட்ட எச்.சி.எச். ஏறத்தாழ ஒரு கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் சீனாவின் பங்கு 40 லட்சம் டன்னுக்கும் மேல். இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 10 லட்சம் டன்.

ஆவியாதலும் கரைதலும்

துணிப் பெட்டியில் இடும் பாச்சை உருண்டை நாளடைவில் தேய்ந்து மறைவதை அனைவரும் கண்டிருப்பர். அது உருகி வழிவதில்லை. திட நிலையிலிருந்தே ஆவியாகிறது. எச்.சி.எச்.சும் இவ்வகைப்பட்டதே, ஆனால் அதனினும் மிக மெதுவாக ஆவியாகும். பழைய மருந்துக் கிடங்குகளில் வீசும் மக்கிய நெடி அந்த ஆவியினுடையதே. நீர் தேங்கிய வயலில், உச்சி வெயிலில், தூள் நீர்ப்பரப்பின் மேல் மிதக்கும்போது ஆவியாகும் வேகம் பன்மடங்கு பெருகும். நீர் தேங்கிய மண்ணில் நுண்ணுயிர்கள் எச்.சி.எச்.சைச் சிதைக்கின்றன என்பது உண்மையே. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் நடந்த ஆராய்ச்சிகள் இதனை நன்கு நிறுவின. ஆயினும் வெப்ப நாட்டு வயலில் நுண்ணுயிர்கள் தம் வேலையை முடிப்பதற்குள் மருந்தின் பெரும்பகுதி பறந்துவிடுகிறது.

அடுத்து, காற்றிலுள்ள ஆவி நீரில் எவ்வாறு கரைகிறது என்பதைக் காண்போம். இதற்கு அடிப்படையான விதியை 1803இல் வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கில விஞ்ஞானி வெளியிட்டார். நீருக்கு மேலுள்ள ஒரு வாயுவின் அழுத்தம் எவ்வளவோ, அதற்கு நேர் விகிதத்தில் அவ்வாயு நீரில் கரையும் என்பதே அவ்விதி. கோலி சோடாவே இதற்கு நல்ல உதாரணம். புட்டியினுள் கரிமில வாயு அழுத்தப்பட்டிருக்கும் வரை அது நீரில் அடங்கியிருக்கிறது. கோலியை உள்ளே தள்ளியதும் மேலே உள்ள அழுத்தம் நீங்குகிறது. நீரில் இருந்த வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. புட்டி குளிர்ந்திருந்தால் நுரை குறைவு; வெயிலில் கிடந்த புட்டியானால் பொங்கி வழியும். குளிர்ந்த நீர் வாயுவை அதிகம் தாங்கும், சூடான நீர் குறைவாகத் தாங்கும் என்ற உண்மையும் இதிலேயே அடங்கியுள்ளது. ஆசிரியர்கள் வேறு கருவி எதுவுமின்றி இரண்டு சோடாப் புட்டிகளைக் கொண்டே வகுப்பில் இவ்விரு விஷயங்களையும் காட்டிவிடலாம்.

எச்.சி.எச். ஆவியும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஆனால் அது நீரை மிகவும் நாடும் பொருள். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் காற்றும் நீரும் சமநிலை அடைந்திருக்கும்போது, ஒரு கன மீட்டர் நீரில் இருக்கும் ஆல்பா எச்.சி.எச்., ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பதைப் போல் மூவாயிரம் முதல் ஐயாயிரம் மடங்கு வரை இருக்கும். வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கினால் இவ்விகிதம் இருபதாயிரம் மடங்கையும் தாண்டும். வெப்பக் கடல் அரைகுறையாக ஏற்றுக்கொள்ளும் பொருளைக் குளிர்ந்த கடல் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வது போல, அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்திற்கே பொருள் செல்லும் எனப் பலர் எண்ணுவர். காற்றையும் நீரையும் பொறுத்தவரை இது தவறு. எளிமைக்காக, வெப்பக் கடல் ஒன்றில் சமநிலை விகிதம் நாலாயிரம் எனக் கொள்வோம். காற்றில் கன மீட்டருக்கு 100 பங்கு எச்.சி.எச். இருக்கிறது, நீரில் 3 லட்சம் பங்கு இருக்கிறது. நீரில்தான் மிக அதிகம் இருக்கிறது. ஆனாலும் சமநிலைக்கு நீரில் 4 லட்சம் பங்கு வேண்டும். ஆகவே பொருள் காற்றிலிருந்து கடலுக்குள்தான் செல்லும். சில ஆண்டுகளுக்குப் பின் மருந்தின் உபயோகம் குறைந்து, காற்றில் 50 பங்கே இருக்கிறது என்று கொள்வோம். சமநிலைக்கு இப்போது 2 லட்சம் போதும். நீரில் இருப்பதோ 3 லட்சம். இனி, பொருள் கடலிலிருந்து காற்றுக்குத் திரும்பும். கடல் நீரை எவரும் தொடவில்லை. அதிலுள்ள அளவும் மாறவில்லை. மேலே உள்ள காற்று தூய்மையானதே ஓட்டத்தின் திசையை மாற்றிவிட்டது.

ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தை விட்டுத் தப்பியோட எவ்வளவு நாட்டம் கொண்டுள்ளது என்பதை அளவிட 1901இல் லூயிஸ் என்ற அமெரிக்க இரசாயன விஞ்ஞானி ஒரு கணக்கு முறையை வகுத்தார். அதனை 1979 முதல் கானடாவில் டொனால்டு மக்கே அழியா நஞ்சுகளுக்குப் பொருத்திக் காட்டினார். காற்றிலும் நீரிலும் தப்பியோடும் நாட்டம் சமமாகும் வரை பொருள் நகரும். செறிவுகளை ஒப்பிடுவதால் இதனை அறிய முடியாது.

நகரும் வேகம் வேறு கேள்வி. கடலின் மேற்பரப்பில், காற்றுப் பக்கம் ஒன்றும் நீர்ப் பக்கம் ஒன்றுமாக அசைவற்ற இரு மெல்லிய ஏடுகள் இருப்பதாகக் கொண்டு இதனைக் கணக்கிடுவர். இக்கருத்தை விட்மன் 1923இல் கூறினார். லிஸ், ஸ்லேட்டர் என்ற இருவர் 1974இல் அதனைக் கடலுக்குப் பயன்படுத்தினர். காற்று பலமாக வீசினால் ஏடுகள் மெலிந்து போக்குவரத்து விரைவாகும். அமைதியான கடலில் அது தயங்கி நடக்கும். பருவக் காற்று வீசும் மாதங்களில் இந்துமாக் கடலில் இப்போக்குவரத்து மும்முரமாக இருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். மழையும் தன் பங்குக்குக் காற்றைக் கழுவி நஞ்சைக் கடலில் இறக்கும்.

வடக்கு நோக்கிய பயணம்

வெப்ப நாடுகளில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, வெயில் ஏறியதும் மறுபடியும் ஆவியாகி, இன்னும் குளிர்ந்த இடத்தில் இறங்கி, இவ்வாறு வெட்டுக்கிளியைப் போல் தாவித் தாவி இந்நஞ்சுகள் துருவங்களை நோக்கிச் செல்கின்றன. வைத்தியர்கள் வாலையில் தைலம் இறக்குவதை இதற்கு ஒப்பிடலாம். வெப்ப நாடுகள் அடுப்பின் மேல் உள்ள பாத்திரம். துருவக் கடல்கள் ஆவி குளிர்ந்து துளியாக இறங்கும் பாகம்.

எஹிமே பல்கலைக் கழகத்தார் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் உலகக் கடல்கள் பலவற்றில் காற்றையும் மேற்பரப்பு நீரையும் எடுத்து ஆராய்ந்தனர். டி.டி.டி. வெப்பக் கடல்களில் மிகுந்தும், எச்.சி.எச். வடக்கே குளிர்ந்த கடல்களின் நீரில் மிகுந்தும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். மருந்தைத் தூவாத நாடுகளின் கடலில் அது மிகுதி. தூவிய நாடுகளின் கடலில் அதனினும் குறைவு. டி.டி.டி. எளிதில் ஆவியாவதில்லை, தூசியையும் சேற்றையும் பற்றிக்கொள்ளும். ஆதலால் அது உபயோகித்த இடத்திற்கு அருகிலேயே பெரும்பாலும் தங்குகிறது. அழியாத நஞ்சுகள் அனைத்தும் ஒரே விதமாக நடப்பதில்லை என்பதை வயற்பணியாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"கடலில் கரைத்த பெருங்காயம் போல" என்பது பழமொழி. கழிவுகள் எவ்வளவு சேர்ந்தாலும் கடலில் கரைந்து காணாமற் போய்விடும் என்ற நம்பிக்கை விஞ்ஞானிகளிடமும் ஒரு காலத்தில் இருந்தது. வடகடலில் நடந்த ஆராய்ச்சிகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன.

ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பெரிங் கடலிலும், அதற்கு வடக்கே உள்ள சுக்சி கடலிலும் 1988இல் சோவியத், அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டாக ஆராய்ச்சிப் பயணம் மேற்கொண்டனர். அப்போது எடுத்த அளவுகளின்படி எச்.சி.எச். காற்றிலிருந்து கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சீனா 1983இலும், சோவியத் நாடு 1990இலும் இதன் உபயோகத்தை நிறுத்தின. வட துருவக் காற்றில் ஆல்பா உருவின் அளவு விரைந்து இறங்கியது. 1993இல் அதே கடல்களில் மீண்டும் அளந்தபோது திசை தலைகீழாக மாறியிருந்தது. கடல், ஏற்றுக்கொண்டதைக் காற்றுக்குத் திருப்பித் தரத் தொடங்கியிருந்தது. பிடில்மன், ஜாந்துனென் முதலிய விஞ்ஞானிகள் 1995இல் இம்முடிவை வெளியிட்டனர். மேலே சோடாப் புட்டியையும் நாலாயிரம் மடங்கையும் கொண்டு கூறிய கணக்கு, ஒரு பெருங்கடலின் மேல் ஐந்தே ஆண்டுகளில் நடந்தேறிவிட்டது.

கணக்கில் பிழை நேர்ந்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் எழுவது இயல்பு. இதனைத் தீர்த்து வைத்த சான்று மிக நேர்த்தியானது. ஆல்பா எச்.சி.எச். மூலக்கூறுகள், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலாக அமைந்த இரு வகைப்படும். தொழிற்சாலையில் இரண்டும் சரிபாதியாகவே உண்டாகின்றன. வெயிலும் காற்றும் மழையும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய மாட்டா. நுண்ணுயிர்களோ அறியும்; வலக்கை உறையில் இடக்கை நுழையாதது போல, அவற்றின் செரிமானப் பொருள்களுக்கு ஒரு கை மூலக்கூறு மற்றதைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே நுண்ணுயிர்கள் வாழும் கடல் நீரில் நெடுநாள் தங்கிய எச்.சி.எச்.சில் ஒரு கை குறைந்து சமம் கெட்டுப் போகிறது. வயலிலிருந்தோ கிடங்கிலிருந்தோ புதிதாக ஆவியாகி வந்ததானால் காற்றில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். திறந்த கடலுக்கு மேலே எடுத்த காற்றில் சமம் கெட்ட விகிதமே காணப்பட்டது. கீழே நீரில் எவ்விதமோ மேலே காற்றிலும் அவ்விதமே சாய்ந்திருந்தது. பனிக்கட்டி மூடிய பகுதிகளின் மேலே விகிதம் ஏறத்தாழச் சமமாக இருந்தது. காற்றில் இருந்த நஞ்சு கடலிலிருந்து ஏறியதே என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பீட்டா உருவின் வழி வேறு. அது ஆல்பாவைக் காட்டிலும் நீரை மிக அதிகமாக நாடும். காற்றில் நெடுந்தூரம் செல்லுமுன்னரே வட பசிபிக் சமுத்திரத்தின் மேல் மழையில் கழுவப்பட்டு நீரில் இறங்கி, கடல் நீரோட்டத்தோடு பெரிங் நீரிணை வழியாக ஆர்க்டிக் சமுத்திரத்தை அடைந்தது. காற்றின் வழி வந்த ஆல்பா முன்னதாகவும், நீரின் வழி வந்த பீட்டா பல ஆண்டுகள் பின்னதாகவும் வந்து சேர்ந்தன. உருக்களுள் எளிதில் சிதையாததும், உடற்கொழுப்பில் நெடுங்காலம் தங்குவதும் பீட்டாவே.

உடற்கொழுப்பு இங்கு முக்கியமானது. நீரில் மிகச் சிறிய அளவில் உள்ள இப்பொருள்கள், நுண்ணிய கடல் தாவரங்களிலிருந்து சிற்றுயிர்களுக்கும், அவற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் செல்லச் செல்லக் கொழுப்பில் சேர்ந்து பெருகுகின்றன. கானடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களுக்குக் கடற் பிராணிகளின் கொழுப்பு அன்றாட உணவு. 1980களில் அப்பகுதித் தாய்மார்களின் பாலை ஆராய்ந்தபோது, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய்களில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் குளோரின் சேர்மங்கள், தெற்கே தொழில் நகரங்களில் வாழ்ந்த தாய்மார்களின் பாலில் இருந்ததைப் போல் பல மடங்கு இருப்பது தெரியவந்தது. அம்மக்கள் அந்த எண்ணெயைக் கண்டதுமில்லை. பூச்சிகொல்லித் தூளைத் தொட்டதுமில்லை. காமா உருவாகிய லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் வகைப்படுத்தியது.

பனி மூடி

வடகடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டி காற்றுக்கும் நீருக்கும் இடையே ஒரு மூடியாக நிற்கிறது. கானடாவுக்கு வடக்கே பனி மூடிய பகுதியில், மற்ற இடங்களில் எச்.சி.எச். குறைந்து வந்த பின்னரும், நீரில் அதன் அளவு உயர்ந்தே இருந்தது. வெளியேற வழி அடைபட்டிருந்ததே இதற்குக் காரணம். இப்போது கோடைகாலப் பனிப்பரப்பு சுருங்கி வருகின்றது. கானடாவின் அலர்ட் நிலையத்திலும், நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில் செப்பெலின் மலை நிலையத்திலும் 1990களின் தொடக்கம் முதல் சேர்த்த காற்று அளவீடுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வெப்பம் கூடுவதாலும் பனி விலகுவதாலும் பழைய நஞ்சுகள் பல மீண்டும் காற்றுக்கு ஏறி வருவதாக 2011இல் அறிவித்தனர். செப்பெலின் மலையின் அடிவாரத்தில் உள்ள நி-ஒலெசுண்ட் என்னும் ஊரில்தான் இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையமும் 2008 முதல் இருந்து வருகிறது.

கடலிலுள்ள எச்.சி.எச். முழுவதும் காற்றுக்குத் திரும்பிவிடும் என்பதில்லை. ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து மெதுவாக அழிகிறது. ஒரு பகுதி நீரோட்டத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்திற்குச் செல்கிறது. இவ்விதத்தில் ஆல்பா உருவின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தே வருகிறது. அது இறங்கிய வேகத்தில் ஏறவில்லை, அவ்வளவே.

ஆவியாகாத பொருள்களும் கடலிலிருந்து காற்றுக்கு ஏற வேறொரு வழி உண்டு. அலைகள் உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றில் தெறிக்கின்றன. எண்ணெயும் கறையும் ஒட்டாத பூச்சுகளுக்குப் பயன்படும் புளூரின் சேர்மங்கள் சோப்பைப் போல் நீர்ப்பரப்பில் ஒதுங்கும் இயல்புடையவை. ஆதலால் இத்துளிகளில் அவை செறிந்து கரைக்குத் திரும்புகின்றன என அண்மை ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

தடையும் எஞ்சிய இருப்பும்

இந்தியாவில் கலப்பு எச்.சி.எச். 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. லிண்டேன் உற்பத்தி 2011இலும் உபயோகம் 2013இலும் முடிவுக்கு வந்தன. டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது 1989இலேயே விலக்கப்பட்டது. மலேரியா ஒழிப்புக்கு அதன் பின்னரும் அது பயன்பட்டு வந்தது. அழியாத கரிமச் சேர்மங்களைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2006இல் அதனை உறுதி செய்தது. எச்.சி.எச். உருக்கள் 2009இலும், எண்டோசல்பான் 2011இலும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

சட்டம் விற்பனையை நிறுத்தும். ஏற்கெனவே உள்ள மூட்டையை அது மறையச் செய்யாது. லிண்டேன் ஒரு டன் தயாரிக்க எட்டு முதல் பத்து டன் வரை வேண்டாத உருக்கள் கழிவாக மிஞ்சும். இக்கழிவைத் தொழிற்சாலைக்கு அருகே திறந்த வெளியில் கொட்டி வைத்த இடங்கள் பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் லக்னோவை அடுத்த உம்மரி கிராமத்தில் அத்தகைய குவியல் ஒன்று ஆராய்ச்சியாளர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. வயலில் தூவிய தூளுக்கு எந்த விதியோ குவியலுக்கும் அதுவே. வெயில் பட்டால் ஆவியாகும். மழை பெய்தால் கரைந்து இறங்கும். தூவியது ஒரு பருவத்தில் பறந்துவிடும். குவியல் பல பத்தாண்டுகளுக்குக் காற்றை ஊட்டிக்கொண்டிருக்கும்.

வயற்பணியாளர் செல்லும் இடங்களில், மூடிக்கிடக்கும் கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளிலும், பழைய பண்ணை வீடுகளிலும் இம்மருந்துகளின் கிழிந்த மூட்டைகளும் துருவேறிய டப்பாக்களும் அகப்படக்கூடும். அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தால் நிலத்தடி நீருக்கும், வாய்க்காலில் கொட்டினால் கழிமுகத்திற்கும் அவை சென்று சேரும். திறந்த வெளியில் கொளுத்துவது இவ்விரண்டினும் கேடானது. குளோரின் சேர்ந்த இப்பொருள்கள் குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சுகள் உண்டாகலாம். மூட்டையைக் கையுறையின்றித் தொடாமலும், வேறு பைக்கு வெறுங்கையால் மாற்றாமலும், ஓட்டையில்லாத பீப்பாயில் வைத்து மூடி, நிழலான, பூட்டிய அறையில் பெயரும் எடையும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். காலாவதியான பூச்சிகொல்லிகள் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவதால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையத்திடமே அவற்றை ஒப்படைத்தல் வேண்டும். பெயர்ச்சீட்டு அழிந்துபோன டப்பாக்களை "பெயர் தெரியாதது" என்றே பதிவு செய்ய வேண்டும். நெடியைக் கொண்டு ஊகித்து எழுதலாகாது.